காலைச் சாய்த்து நிற்கும் எழுத்து

ஃப்ரான்சஸ் என்ற ஆங்கில எழுத்துருவைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. சேலம் செவ்வாய்பேட்டையில் டிசைன் வேலை செய்கிறேன். தினமும் எத்தனையோ ஃபான்ட்கள் கையில் புரள்கின்றன, இது ஒன்றின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு பிரியம் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். காப்பித்தூள் பை, தேன் பாட்டில், கொலுசுப் பெட்டி, மாம்பழ அட்டைப்பெட்டி என்று எங்கள் ஊர்ப் பொருள்கள் பலவற்றின் மேல் இதைப் போட்டிருக்கிறேன். சில இடங்களில் வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டும் போட மறுத்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதைச் சொல்லத் தொடங்கினால் பேச்சு தமிழ் எழுத்தில்தான் போய் முடியும். அதனால்தான் பதிவு கொஞ்சம் நீளம்.

ஃப்ரான்சஸ் 2020-ல் வந்தது. அண்டர்கேஸ் டைப் என்ற பெயரில் இயங்கும் ஃபீட்ரா சார்ல்ஸ், ஃபிளாவியா ஸிம்பார்டி இருவரும் கூகுள் ஃபான்ட்ஸுக்காக வரைந்தார்கள். திறந்த உரிமம் என்பதால் காசு கொடுக்காமல் வணிக வேலைக்கும் எடுத்துக்கொள்ளலாம். செரிஃப் வகையைச் சேர்ந்தது, அதாவது கோடுகளின் முனையில் சின்னப் பாதம் வைத்த எழுத்து. ஆனால் செய்தித்தாள் எழுத்துகளில் இருக்கும் விறைப்பு இதில் கிடையாது. வளைவு முடிகிற இடங்கள் உருண்டு திரண்டு நிற்கும். தடித்த கோட்டிலிருந்து மெல்லிய கோட்டுக்குப் போகும்போது வெடுக்கென்று மாறாமல் வழிந்து மாறும்.

ஆங்கிலத்தில் 'சேலம்' என்று அடித்துத் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலெழுத்து மட்டும் கேப்பிட்டல், மற்றவை சின்ன எழுத்து. கடைசியில் வரும் 'எம்' எழுத்தின் வலது ஓரத்துக் கால் நேராக இறங்காது, சாய்ந்து இறங்கும். வேகமாக எழுதுகிறவர்களின் கையில் கடைசிக் கோடு இப்படித்தான் சாயும். 'என்', 'ஹெச்' இரண்டுக்கும் இதே குணம் உண்டு. இந்தச் சாய்வைப் போடவும் நிறுத்தவும் தனியாக ஒரு ஸ்விட்ச்சே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் வோங்க்.

இது வேரியபிள் ஃபான்ட், அதாவது ஒரே கோப்புக்குள் எழுத்தின் வடிவத்தை ஸ்லைடரால் மாற்றிக்கொள்ளலாம். வோங்க்கைத் தவிர இன்னும் மூன்று ஸ்லைடர்கள் இருக்கின்றன. தடிமன் 100-லிருந்து 900 வரை. மூலைகளை மழுக்கும் 'சாஃப்ட்' 0-விலிருந்து 100 வரை. மூன்றாவது, என்ன அளவில் அச்சாகப்போகிறதோ அதற்கேற்ப எழுத்தின் உடம்பையே மாற்றும் ஆப்டிகல் சைஸ், 9-லிருந்து 144 வரை. பழைய கோரல் டிரா மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஸ்லைடர்கள் வேலை செய்யாது. தனித்தனிக் கோப்பாக இருக்கும் நிலையான வடிவங்களைத்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வோங்க் விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெயர்கள் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தன. 'ஏற்காடு' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 'என்', 'எம்', 'ஹெச்' மூன்றுமே வராது. அந்த ஸ்விட்ச்சை எப்படித் தட்டினாலும் சொல் அசையாமல் அப்படியே நிற்கும். சேர்வராயன் மலையின் ஆங்கிலப் பெயரான 'ஷெவராய்' என்பதை எழுதிப் பாருங்கள், இரண்டாவது எழுத்தே 'ஹெச்'. உடனே சொல்லுக்கு ஒரு நடை வந்துவிடுகிறது. 'காஃபி', 'பெப்பர்' இரண்டிலும் சாய்கால் இல்லை. 'ஹனி'யில் உண்டு. ஒரு ஃபான்ட்டின் குணம் எல்லாச் சொல்லிலும் ஒரே அளவில் வெளிப்படாது. நமக்குக் கிடைத்த பெயரில் அந்தக் குணம் இருக்கிறதா என்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மலைமேல் ஒரு எஸ்டேட்டின் காப்பிப் பைக்கு இரண்டு பெயர்களும் மேலும் கீழுமாக வந்தபோது, 'ஏற்காடு' பெரிதாக இருக்கட்டும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். இரண்டு விதமாகவும் போட்டு ஒட்டிக் காட்டினேன். 'ஷெவராய்' மேலே பெரிதாக இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எஸ்டேட் கணக்கைப் பார்க்கிற அக்கா அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்குங்க" என்றார். இந்த ஃபான்ட்டைப் பற்றி இதைவிடச் சரியாக நான் எங்கும் படித்ததில்லை.

அந்தச் சாய்கால் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1905 வாக்கில் வெளியிட்ட வின்ட்சர் எழுத்தில் இதே கால்கள் இருக்கின்றன. அதை வரைந்தவர் எலைஷா பீச்சி. ஃப்ரான்சஸ் தன் முன்னோராகச் சொல்லிக்கொள்ளும் மூன்றில் வின்ட்சர் ஒன்று. மற்றொன்று சூவனிர். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1914-ல் வரைந்தது, 1970-ல் எட் பெங்கியாட் கையில் மறுபடி உயிர்பெற்றது.

மூன்றாவது முன்னோர் கூப்பர் எழுத்துகள். இவற்றில் கூப்பர் பிளாக்கை நம் ஊரில் பார்க்காதவர்களே இருக்க முடியாது. எம்எஸ் ஆஃபிஸோடு சேர்ந்து வருவதால் எல்லா டிடிபி கடைக் கணினியிலும் உட்கார்ந்திருக்கும். பேக்கரிப் பலகை, பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ், ஐஸ்கிரீம் வண்டி என்று எங்கே போனாலும் கண்ணில் படும். உப்பிய உடம்பு, உருண்ட பாதம், கூர்மையான மூலை ஒன்றுகூட இல்லாத எழுத்து. இதைச் செய்த ஆஸ்வால்ட் கூப்பர் சிகாகோவில் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து பிழைத்தவர். அவருடைய கையெழுத்து வரைவுகளின் சாயலில்தான் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922-ல் கூப்பர் பிளாக்கை ஈய எழுத்தாக வெளியிட்டது. ஒரு விளம்பர ஓவியரின் கைப்பழக்கம் உலோகத்தில் ஏறி, அங்கிருந்து கணினிக்கு வந்து, கடைசியில் எங்கள் அஸ்தம்பட்டி பேக்கரியின் கண்ணாடி வரைக்கும் வந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைகிறது.

இன்னும் பின்னால் போனால் பாதம் எப்படி வந்தது என்ற கேள்விக்கே பதில் கிடைக்கிறது. ரோமில் கி.பி. 113-ல் எழுப்பிய டிராஜன் தூணின் அடிப்பீடத்தில் வெட்டிய எழுத்துகள்தான் ஆங்கில கேப்பிட்டல்களுக்கு இன்றும் அளவுகோல். அந்தப் பாதங்கள் உளியின் வேலை என்றுதான் பலரும் சொல்லிவந்தார்கள். எட்வர்ட் காட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1968-ல் வெளியிட்ட ஆய்வில் அதை மறுத்தார். ரோமானியர்கள் முதலில் தட்டைப் பிரஷ்ஷால் கல்லில் எழுதினார்கள், அந்த வண்ணத்தின் மேலேயே பிறகு உளி ஓடியது, கோடு முடியும் இடத்தில் பிரஷ்ஷைத் திருப்பி எடுப்பதால் வந்ததே பாதம் என்றார். அவர் அதைக் கையால் எழுதியே காட்டினார், ஏனென்றால் பாதிரியாராவதற்கு முன்பு சிகாகோவில் விளம்பரப் பலகை எழுதியவர். பிரஷ் பிடித்த கைக்கு மட்டும்தான் அது புலப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே செரிஃப் என்பது கோட்டின் முனையில் ஒட்டிவைத்த நகை கிடையாது. கருவியைப் பிடித்திருந்த விரல்கள் என்ன செய்தன என்பதன் தடயம் அது. அச்சு எழுத்துகள் காலப்போக்கில் அளவெடுத்து, நறுக்கி, அந்தத் தடயத்தைச் சீராக்கிக்கொண்டே வந்தன. கூப்பரும் ஃப்ரான்சஸும் அதை மறுபடி கொஞ்சம் தளர்த்திவிடுகின்றன. அதனால்தான் இவற்றில் எழுதிய பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்வதாகத் தோன்றுகிறது. இவற்றை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கு என் கணக்கும் இதுதான்: ஒருவர் குரலெடுத்துச் சொல்லக்கூடிய சொல் எதுவோ அதற்கு மட்டும். எஸ்டேட்டின் பெயர், புத்தகத் தலைப்பு, கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் மணமக்கள் பெயர், மாம்பழப் பெட்டியின் மேல் மல்கோவா.

காப்பிப் பையின் பின்பக்கத்துக்கும் இதையே போடச் சொல்லி ஒருவர் ரொம்பவும் வற்புறுத்தினார். முன்பக்கம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. பின்பக்கத்தில் இருப்பது சிக்கரி எத்தனை சதவீதம், நிகர எடை, விலை, வறுத்த தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்கங்கள். அங்கே குரலுக்கு வேலையில்லை. கண்ணாடி போட்ட பெரியவர் மளிகைக் கடை வெளிச்சத்தில் தேதியைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில் எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளவே கூடாது. சாதாரண, பாதமில்லாத எழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். மருத்துவமனைப் பலகை, பேருந்து வழித்தடப் பலகை, மின்கம்பத்து எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

முழுவதும் கேப்பிட்டலில் அடிப்பதும் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. ஃப்ரான்சஸின் கை இருப்பது சின்ன எழுத்துகளில். சாய்கால், உருண்ட முனை எல்லாம் அங்கேதான். அனைத்தையும் கேப்பிட்டல் ஆக்கினால் அது எல்லாச் செரிஃப்களிலும் ஒன்றாகிவிடும். பிறகு எதற்கு இதை எடுக்க வேண்டும்? எழுத்தை அகலவாக்கில் இழுப்பது அதைவிட மோசம். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நெருங்கும்போது மலைப்பாதையின் அடிவாரத்திலிருந்து வரிசையாக பிளெக்ஸ் வைப்பார்கள். இடம் மிச்சமிருக்கிறதே என்று எழுத்தைப் பிடித்து இழுத்து நிரப்பியிருப்பார்கள். இழுத்தால் நிமிர்ந்த கோடுகள் பருத்துவிடும், படுத்த கோடுகள் அப்படியே இருக்கும், பாதங்கள் தட்டையாகி நீண்டுவிடும். தடிமன் போதவில்லை என்று கோரலில் அவுட்லைன் கொடுத்துப் பருக்கவைப்பதும் அதே கதை. எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபட்டு, பாதம் கட்டியாகிவிடும். இந்த ஃபான்ட்டிலேயே 900 வரை தடிமன் இருக்கிறது. ஸ்லைடரை நகர்த்தினால் போதும், வடிவமைத்தவர்களே ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பருக்கவைத்திருக்கிறார்கள்.

இனி அச்சுக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. ஆப்டிகல் சைஸ் ஸ்லைடரைப் பலரும் கவனிப்பதே இல்லை. 144-ல் வைத்தால் மெல்லிய கோடுகள் முடியளவுக்கு இளைத்துவிடும், எழுத்துகள் நெருங்கி நிற்கும். 9-ல் வைத்தால் மெல்லிய கோடு தடிக்கும், எழுத்துகளுக்கு நடுவே காற்று வரும். பெரிய எழுத்துக்குப் பெரிய எண், சின்ன எழுத்துக்குச் சின்ன எண் என்பது பொது விதி. ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட் அடித்தால் இந்த விதி சரியாக இருக்கும். ஆனால் எங்கள் ஊர்ச் சின்ன எஸ்டேட்காரர்கள் காப்பித்தூளைப் பழுப்பு நிற கிராஃப்ட் பையில்தான் போடுகிறார்கள். குறைந்த எண்ணிக்கை என்பதால் ஸ்கிரீன் பிரிண்டிங். கிராஃப்ட் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும், ஸ்கிரீன் துணியின் கண்ணிகள் நுண்ணிய கோட்டை விழுங்கிவிடும். திரையில் அழகாக இருந்த 144-ன் மெல்லிய கோடு பையில் ஏறும்போது துண்டு துண்டாக அறுந்து நிற்கும். அதனால் கிராஃப்ட் பையில் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆப்டிகல் சைஸை வேண்டுமென்றே இறக்கிவைத்துவிட்டு, எழுத்து இடைவெளியை மட்டும் கையால் நெருக்குகிறேன். தடித்த பழுப்புக் காகிதத்தில் கருப்பு மை அப்போது அழுத்தமாக உட்காரும்.

கொலுசுப் பெட்டிக்கு வேறு வழி. செவ்வாய்பேட்டையைச் சுற்றி வெள்ளிப் பட்டறைகள் நிறைய, கொலுசுக்கென்று பெயர்பெற்ற இடம். பெட்டியின் மேல் கடைப் பெயரை வெள்ளி ஃபாயிலில் சூடாக அழுத்தி எடுப்பார்கள். ஃபாயிலுக்குக் கூரான மூலை ஒத்துவராது, முனையில் பிசிறடிக்கும். அங்கேதான் சாஃப்ட் ஸ்லைடர் கைகொடுக்கிறது. அதை ஏற்றி மூலைகளை மழுக்கினால் எழுத்து வெட்டிய அச்சு பிளாக் சுத்தமாக அழுந்தி, ஃபாயில் ஓரம் வழுவழுப்பாக வரும். கொலுசின் மணிகளும் உருண்டவை என்பதால் எழுத்தும் பொருளும் ஒத்துப்போகின்றன. கருப்புப் பெட்டியில் வெள்ளை எழுத்தாக வருவதானால் தடிமனை ஒரு படி கூட்டிக்கொள்வேன். சுற்றியிருக்கும் கருப்பு மை உள்ளே ஏறி எழுத்தை மெலிய வைக்கும். வெண்பட்டு வேட்டியில் தைக்கும் நெய்த லேபிளுக்கு இந்த ஃபான்ட் சரிப்படாது, நூல் இழைகளில் பாதம் பிழைக்காது. அங்கே கேட்டால் வேறு எழுத்தைத்தான் காட்டுகிறேன்.

இதுவரை சொன்னது எல்லாம் ஆங்கில எழுத்தைப் பற்றி. இந்தப் பைகளிலும் பெட்டிகளிலும் தமிழ் இல்லாமல் ஒன்றும் கிடையாது. கடைப் பலகையானால் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். ஃப்ரான்சஸுக்குள் தமிழ் எழுத்துகள் இல்லை. பக்கத்தில் எதை நிறுத்துவது?

தமிழ் எழுத்துக்கும் ஆங்கிலப் பாதத்தை ஒட்டிவிடுவது என்று ஒரு வழி புழக்கத்தில் இருக்கிறது. க-வின் மேல் கோட்டுக்கு ஒரு கொக்கி, ப-வின் இரண்டு உச்சிக்கும் பட்டை, ட-வின் நுனிக்கு ஒரு பாதம். பார்த்த உடனே இரண்டும் ஒரே குடும்பம் என்று தோன்றலாம். படிக்கும்போது தமிழ் திணறுகிறது. காரணம் இதுதான்: அந்தப் பாதம் ரோமானியப் பிரஷ்ஷின் தடயம், தமிழ் எழுத்தை வடிவமைத்த கைகள் வேறு கருவிகளைப் பிடித்திருந்தன.

ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற பேச்சே இல்லை. அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே கீறல், அப்புறம் அதில் மை தடவுவார்கள். நேர்கோட்டை இழுத்தால் ஓலை நரம்போடு பிளந்துவிடும் என்பதால் கை வளைந்து வளைந்து போனது. புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். பக்கத்துத் தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து முறை இருக்கிறது, பெயரிலேயே வட்டத்தை வைத்துக்கொண்டு. தமிழ்க் கையின் தடயம் கோட்டின் முனையில் இருப்பதைவிடச் சுழியிலும் வளைவிலும் அதிகம் இருக்கிறது. 'மிளகு' என்று எழுதிப் பாருங்கள். மி-யின் மேல்விலங்கு ஏறி வளைகிறது, ள-வுக்குள் ஒரு சுழி, கு கீழே போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது. கை எங்கே வேகமெடுத்தது, எங்கே நின்று திரும்பியது என்பதெல்லாம் இந்தத் திருப்பங்களில் தெரியும்.

தடித்த, மெல்லிய வேறுபாடு தமிழுக்கு அச்சோடு வந்தது. 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் அச்சானது முதல், தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து எழுத்துகள் வந்தது, 19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் எழுத்துகளைச் சிறிதாக்கிச் செம்மைப்படுத்தியது வரை பெரும்பாலும் ஐரோப்பியத் தொழிற்சாலைப் பழக்கம்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த உழைப்பில்தான் நாம் இன்று படிக்கிறோம். ஆனால் தமிழில் தடிப்பும் மெலிவும் நம்மவர் கையிலிருந்தே வந்த இடம் ஒன்று உண்டு. அது பலகை எழுதும் பெயின்டர்களின் தட்டைப் பிரஷ்.

அந்த எஸ்டேட் பைக்காக அம்மாபேட்டையில் வயதான பெயின்டர் ஒருவரைத் தேடிப் போனேன். பிளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. கோயில் வண்டி, லாரியின் முன்நெற்றி, பள்ளிச் சுவர் என்று எப்போதாவது அழைப்பார்கள். "ஐயா, ஏற்காடுன்னு எழுதித் தரணும்" என்றேன். "எவ்வளவு பெருசு கண்ணு? லாரியில எழுதுற மாதிரியா, கடையில எழுதுற மாதிரியா?" என்று கேட்டார். எழுத்துருவுக்கு ஆப்டிகல் சைஸ் உண்டு என்று நான் கணினியில் படித்ததை அவர் வாழ்நாள் முழுக்கப் பிரஷ்ஷால் செய்துகொண்டிருந்திருக்கிறார். தூரத்திலிருந்து படிக்க வேண்டிய எழுத்துக்கு ஒரு உடம்பு, கிட்டத்தில் நின்று படிப்பதற்கு ஒரு உடம்பு.

சாக்பீஸ் தடவிய நூலைப் பிடித்து இரண்டு கோடு அடித்தார். இடது கையில் ஒரு குச்சியை ஊன்றி, அதன் மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டார். ஏ-வின் கீழ்க்கால் சாய்ந்து இறங்கியபோது பிரஷ்ஷின் முழு அகலமும் பட்டு அழுத்தமாக வந்தது. ற-வின் இரண்டு வளைவிலும் ஏறும்போது மெலிந்து, இறங்கும்போது தடித்தது. அதன் கடைசி வளைவு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கித் திரும்பும் இடத்தில் மட்டும் கை நிதானித்தது. ட-வின் செங்கோணத்தை ஒரே இழுப்பில் போடவில்லை, மூலையில் நிறுத்திப் பிரஷ்ஷைத் திருப்பிக்கொண்டு படுக்கைக் கோட்டை இழுத்தார். டு-வின் வலப்பக்க வளைவை முடித்துப் பிரஷ்ஷை எடுக்கும் நேரத்தில் விரல்கள் லேசாகச் சுழன்றன. கோட்டின் நுனி கொஞ்சம் அகன்று, சாய்வாக வெட்டியது மாதிரி சுத்தமாக முடிந்தது.

"அங்க ஏன் திருப்புனீங்க ஐயா?"

"சும்மா தூக்குனா பெயின்ட் பிசிறடிக்கும் கண்ணு. லேசா திருப்பிட்டுத் தூக்கணும்."

காட்டிச் ரோமானியக் கல்வெட்டில் கண்டது இதேதான். கருவி ஒன்று, அதைத் திருப்ப வேண்டிய தேவையும் ஒன்று. ஆனால் அம்மாபேட்டையில் அந்தத் திருப்பம் ரோமானியப் பாதமாக வரவில்லை. தமிழ் எழுத்தின் முடிவு எங்கே, எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கே ஒரு சாய்வு வெட்டாக வந்து நின்றது. ஃப்ரான்சஸுக்குப் பக்கத்தில் நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான். அவர் எழுதியதை ஸ்கேன் செய்து, முனைகளைத் தொடாமல் விளிம்பை மட்டும் சீராக்கி, 'ஷெவராய்' என்ற ஆங்கிலப் பெயருக்கு மேலே 'ஏற்காடு' என்று வைத்தேன். ஒன்றில் கால் சாய்ந்திருக்கிறது, மற்றொன்றில் முனை சாய்ந்திருக்கிறது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஆனாலும் பை ஒரே குரலில் பேசுகிறது.

எல்லா வேலைக்கும் பெயின்டரைத் தேடிப் போக முடியாதுதான். கையில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களில் எனக்கு ஒத்துவருவதைச் சொல்கிறேன். பத்தி பத்தியாகப் படிக்க வேண்டிய இடத்துக்கு டைரோ தமிழ். ஃபெர்னாண்டோ மெல்லோவும் ஃபியோனா ராஸும் வரைந்தது, இலக்கியப் பதிப்புக்கென்றே செய்த அமைதி அதில் இருக்கிறது. காப்பித் தோட்டத்தின் கதையைப் பைக்குள் ஒரு சின்னத் தாளில் போடுவதானால் அதுதான் என் தேர்வு. நோட்டோ செரிஃப் தமிழ் அலுவலக வேலைக்கு நம்பகமானது, ஆனால் பெயர்ப்பலகையில் அதற்குக் குரல் எழும்பாது. நடானியல் காமா, ஜோனா கொரியா வரைந்த அரிமாவில் கோடுகள் மென்மையாகப் பருத்து இளைக்கின்றன. தேன் பாட்டிலுக்கு அதை ஃப்ரான்சஸோடு சேர்த்திருக்கிறேன், சாஃப்ட்டை ஏற்றிவைத்தால் இரண்டும் இணங்கும். தாரிக் அஸீஸின் கவிவனார் முழுக்கக் கையெழுத்துச் சாய்வு. தனியாக நின்றால் அழகு, ஃப்ரான்சஸுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

சேர்க்கும்போது பாயின்ட் அளவை நம்ப வேண்டாம். ஒரே பாயின்ட்டில் போட்டால் தமிழ் பெரும்பாலும் அகலமாகவும் பருமனாகவும் தெரியும். தமிழில் கேப்பிட்டல் கிடையாது, எழுத்தின் உடம்பு ஆங்கிலச் சின்ன எழுத்துக்கும் கேப்பிட்டலுக்கும் நடுவே ஓர் உயரத்தில் நின்றால்தான் கண்ணுக்குச் சமமாகப் படும். அளவுகோலை மூடிவைத்துவிட்டு, ப-வையும் ஆங்கிலச் சின்ன 'ஓ'-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் சரிசெய்யுங்கள். வரி இடைவெளியைத் தமிழுக்குத் தாராளமாக விடுங்கள். மேலே விலங்கு, கீழே கூ, ழு, ஞு என்று இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வரும்.

எழுத்துரு வரைகிற தமிழர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தட்டைப் பிரஷ்ஷில் பிறந்த, பெரிய அளவில் பெயர் எழுதுவதற்கென்றே செய்த ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும். ஆங்கிலப் பாதம் அதில் வேண்டாம், அந்தச் சாய்வு வெட்டு முனைகள் இருக்கட்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் வேறு வேறு உடம்பு இருந்தால் இன்னும் நல்லது. முதலில் என்ன வரைவது என்று கேட்டால் 'ஏற்காடு', 'சேர்வராயன்', 'மல்கோவா', 'கொலுசு' என்ற நான்கு சொற்களை வரைந்துபாருங்கள் என்பேன். செங்கோணம், இரட்டை வளைவு, கொம்பு, சுழி எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். அப்புறம் ஞ, ணை, ஸ்ரீ மூன்றையும் சோதித்தால் மிச்சம் தெரிந்துவிடும். அம்மாபேட்டை ஐயா எழுதித் தந்த தாள்கள் முழுவதையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தரலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் எழுதும்போது கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் சேலம் வாருங்கள், நான் அழைத்துப்போகிறேன்.